ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த ஊர்ச் சட்டம்?



போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். டெக்ஸாஸிலிருந்து சியாட்டிலுக்கு வேலை மாற்றலாகிப் போகும் பழைய மாணவி, "டீச்சர், இந்த ஊரில் கிண்டர்கார்டன் கட்டாயமா, இல்லையா? ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார்" என்று குரல் செய்தி அனுப்பினாள். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன், "பெரியம்மா, பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்கு முழு நாள் வகுப்பு, எங்க ஊரில் இரண்டரை மணி நேரம்தான். ஒரே மாநிலம்தானே, ஏன் இப்படி?" என்று கேட்டான்.

ஒன்றாம் வகுப்பிலேயே பெரும்பாலான வருடங்களைக் கழித்தவள் நான். பிள்ளை பள்ளிக்குள் நுழையும் அந்த வாசற்படி எனக்குப் பிடித்த விஷயம். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். உங்களில் பலர் அமெரிக்காவில் இருப்பதால், தெரிந்ததை எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வழக்கம்போல் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்கக் கிண்டர்கார்டன் என்பது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஒரு வருடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கானது. வயதுக் கணக்கில் நம் யு.கே.ஜி. "கட்டாயமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. கல்வி மாவட்டம் அந்த வகுப்பைக் கட்டாயம் நடத்த வேண்டுமா? பிள்ளை கட்டாயம் வர வேண்டுமா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம்? எந்தத் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும்? இந்த நான்குக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்கிறது. சில கேள்விகளைக் கல்வி மாவட்டத்தின் கையிலேயே விட்டுவிட்டது.

ஏன் இப்படி ஆனது? எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் முதலில் வந்துவிட்டது. கிண்டர்கார்டன் பிறகு வந்தது. கட்டி முடித்த வீட்டுக்கு முன்னால் போட்ட திண்ணை மாதிரி அது. ஒரு ஊரில் திண்ணையையும் வீட்டோடு சேர்த்துக் கூரை போட்டார்கள். இன்னொரு ஊரில் வெயிலில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கதையை ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிரெடரிக் ஃபுரோபல் 1782இல் துரிங்கியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பள்ளி என்ற சொல்லையே அவர் வேண்டுமென்று தவிர்த்தார். நூல் சுற்றிய பந்துகள், மரக்கட்டைகள், பாட்டு, வட்டமாக நின்று விளையாட்டு, ஆளுக்கொரு சின்னப் பாத்தியில் செடி வளர்ப்பது, இவைதான் பாடம்.

இதில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றும். பிரஷ்ய அரசுக்கு அப்படித் தோன்றவில்லை. 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்துவிட்டது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புவதாகக் குற்றச்சாட்டு. ஃபுரோபலின் அண்ணன் மகன் கார்ல் எழுதியதை இவர் எழுதியதாகக் குழப்பிக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். அடுத்த வருடமே ஃபுரோபல் காலமானார். தடை 1860இல்தான் நீங்கியது.

ஆனால் அதற்குள் விதை கடல் தாண்டிவிட்டது. 1848 புரட்சி தோற்றபின் ஜெர்மனியை விட்டு ஓடியவர்களில் கார்ல் ஷுர்ஸ் ஒருவர். அவர் மனைவி மார்கரெத்தா ஃபுரோபலிடம் நேரில் பாடம் கேட்டவர். இருவரும் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் குடியேறினார்கள். 1856இல் மார்கரெத்தா தன் மகளையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் உட்காரவைத்து ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அதுதான். எலிசபெத் பீபாடி என்ற ஆசிரியை மார்கரெத்தாவையும் அவர் மகளையும் சந்தித்து, அந்தப் பிள்ளை நடந்துகொண்ட விதத்தில் மயங்கி, 1860இல் பாஸ்டனில் ஆங்கில வழிக் கிண்டர்கார்டன் தொடங்கினார். இரண்டுமே தனியார் முயற்சி. அரசுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி இன்னொரு நூலைப் பிடிப்போம். அமெரிக்காவின் கட்டாயக் கல்விச் சட்டங்களில் முதலாவது 1852இல் மாசச்சூசெட்ஸில் வந்தது. எட்டு வயது முதல் பதினான்கு வரை உள்ள பிள்ளைகள் வருடத்தில் 12 வாரமாவது பள்ளிக்கு வர வேண்டும் என்றது அது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கடைசியாக மிசிசிப்பி 1918இல் சட்டம் போட்டது. தேசம் முழுவதற்கும் ஒரே சட்டம் ஏன் வரவில்லை என்றால், அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே கிடையாது. மத்திய அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791இல் சேர்த்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. ஆகவே பள்ளி மாநிலத்தின் பொருள். மாநிலம் அதில் பெரும்பகுதியை உள்ளூர்க் கல்வி மாவட்டங்களிடம் விட்டது. அவை சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்தின.

இந்த இரண்டு நூலும் முதலில் சிக்கிக்கொண்ட இடம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் டோரி ஹாரிஸ். ஆலைத் தொழிலாளர் பகுதிகளில் பிள்ளைகள் பத்து வயதிலேயே வேலைக்குப் போய்விடுவது அவருக்குக் கவலையாக இருந்தது. பின்னால் நீட்ட முடியாத படிப்பை முன்னால் நீட்டலாமே என்று யோசித்தார். சூசன் புளோ என்ற இளம்பெண் நியூயார்க்கில் பயிற்சி பெற்று வந்து, 1873இல் அந்நகரின் டெஸ் பெரஸ் பள்ளியில் பொதுப்பள்ளிக் கிண்டர்கார்டனைத் தொடங்கினார். பொதுப்பள்ளி அமைப்பில் தொடர்ந்து நடந்து வெற்றி பெற்ற முதல் கிண்டர்கார்டன் அது. அடுத்த பத்தாண்டுக்குள் நகரப் பள்ளிகள் முழுக்கப் பரவிவிட்டது.

இடையே ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. மிசௌரியின் 1875ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலவசப் பள்ளி ஆறு வயது முதல் இருபது வரை என்று எழுதிவைத்திருந்தது. அப்படியானால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொதுப்பணத்தைச் செலவழிக்கலாமா? விஷயம் நீதிமன்றம் வரை போனது. பிள்ளையின் நன்மையைப் பற்றி அங்கே யாரும் சண்டை போடவில்லை. சட்டத்தில் எழுதிய வயதைப் பற்றித்தான் வழக்கு. இந்த வயதுச் சண்டை பிறகு பல மாநிலங்களில் வேறு வேறு உருவத்தில் நடந்தது. இன்றும் முடியவில்லை.

இந்த ஹாரிஸ் பிற்காலத்தில், 1889 முதல் 1906 வரை, அமெரிக்க அரசின் கல்வி ஆணையராகவே இருந்தார். கிண்டர்கார்டனைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுவந்த மனிதரே தேசத்தின் கல்வித் தலைமையில் உட்கார்ந்திருந்தும் அதைத் தேசம் முழுவதும் கட்டாயமாக்க முடியவில்லை. அந்த அலுவலகத்தின் வேலை புள்ளிவிவரம் சேகரிப்பதும் யோசனை சொல்வதும்தான். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை.

அரசு செய்யாத இடத்தில் பெண்கள் செய்தார்கள். 1878இல் சான் பிரான்சிஸ்கோவின் ஏழைப் பகுதியில் கேட் டக்ளஸ் விகின் இலவசக் கிண்டர்கார்டன் நடத்தினார். 1905இல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் கேட் சிட்டி இலவசக் கிண்டர்கார்டன் சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு ஒன்றும் தராத காலம் அது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை நம்பி விட்டுச் செல்ல இடம் வேண்டியிருந்தது.

அரை நாள் வகுப்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஆசிரியை காலையில் வகுப்பு எடுப்பார். பிற்பகலில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைப் பார்ப்பார், அவர்களைக் கூட்டிப் பேசுவார். அதுவும் வேலையின் ஒரு பாதி. பொதுப்பள்ளி நிர்வாகம் இதைப் பார்த்தது. பிற்பகல் சும்மாதானே இருக்கிறது, இன்னொரு கூட்டம் பிள்ளைகளைக் கொடுப்போம் என்றது. ஒரே ஆசிரியை, ஒரே அறை, காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ஆசிரியர் பற்றாக்குறை, போருக்குப் பிறகு பிறப்பு பெருகியது, இரண்டும் சேர்ந்து இந்த வழக்கத்தைக் கெட்டிப்படுத்தின. பிள்ளைக்கு அரை நாள்தான் தாங்கும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கனத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

கடைசியாகச் சேர்ந்த மாநிலம் மிசிசிப்பி. அந்தக் கதை மனதைக் கனக்கச் செய்வது. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்ந்து படிக்கும் பள்ளிக்கு எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தி அனுப்பக்கூடாது என்ற எண்ணத்தில் 1956இல் மிசிசிப்பி தன் கட்டாயக் கல்விச் சட்டத்தையே ரத்து செய்தது. 1965இல் மத்திய அரசின் ஹெட் ஸ்டார்ட் திட்டம் வந்து ஏழைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கைகொடுத்தது. ஆனால் மாநிலம் நடத்தும் கிண்டர்கார்டன் 1980களின் தொடக்கம் வரை அங்கே கிடையாது. ஆளுநர் வில்லியம் விண்டர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1982 டிசம்பரில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, கல்விச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார். கட்டாய வருகை திரும்ப வந்தது. 1986 முதல் மாநிலம் முழுக்கக் கிண்டர்கார்டனும் வந்தது. செயின்ட் லூயிஸில் தொடங்கி 113 வருடம் கழித்து. அந்த 113 வருடத்தில் அங்கே எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் முதல்முறையாக எழுத்தைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம். கிண்டர்கார்டனுக்குப் பிள்ளை கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லும் மாநிலங்கள் பாதிக்கும் குறைவு. மேரிலாந்து, டெலவேர், விர்ஜீனியா போன்றவற்றில் ஐந்து வயதிலேயே கட்டாயம். அங்கேயும், பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று பெற்றோர் கருதினால் ஒரு வருடம் தள்ளிப்போட மேரிலாந்திலும் விர்ஜீனியாவிலும் வழி உண்டு. கலிபோர்னியாவில் ஆறு வயதில்தான் கட்டாயம். கிண்டர்கார்டனைக் கட்டாயமாக்கும் மசோதா 2022இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், செலவைக் காரணம் காட்டி ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். பென்சில்வேனியாவில் 2020 வரை எட்டு வயதில்தான் கட்டாயம், பிறகு ஆறாகக் குறைத்தார்கள். அங்கே கல்வி மாவட்டம் கிண்டர்கார்டன் நடத்தித்தான் ஆக வேண்டும் என்றும் மாநிலச் சட்டம் சொல்லவில்லை.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டாய வயது இன்றும் எட்டு. ஆனால் அதே மாநிலம் முழு நாள் கிண்டர்கார்டனுக்குப் பணம் கொடுக்கிறது. பிள்ளைகளும் போகிறார்கள். சட்டத்தை மட்டும் படித்தால் பின்தங்கிய ஊர் என்று தோன்றும். வகுப்பறையைப் பார்த்தால் அப்படி இல்லை. டெக்ஸாஸ் இதற்கு மறுபக்கம். அங்கே ஆறு வயது வரை கட்டாயம் இல்லை. ஆனால் ஐந்து வயதில் கிண்டர்கார்டனில் பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டால், வருகைச் சட்டம் அந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். மிசிசிப்பியிலும் அரசுப் பள்ளி முழு நாள் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு இதே விதி. ஒருவர் ஆமாம் என்றும் ஒருவர் இல்லை என்றும் சொன்னது இதனால்தான். இரண்டு பேருமே பாதி சரி.

பிறந்த தேதியும் ஊருக்கு ஊர் மாறும். பல மாநிலங்களில் செப்டம்பர் 1. நியூயார்க் நகரில் அந்த வருடம் டிசம்பர் 31க்குள் ஐந்து நிறைந்தால் போதும். கலிபோர்னியாவில் டிசம்பர் 2 என்று இருந்ததை, 2010இல் போட்ட சட்டத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்டம்பர் 1க்கு நகர்த்தினார்கள். இடையில் விடுபட்ட பிள்ளைகளுக்காக ஒரு முன்வகுப்பையும் உண்டாக்கினார்கள். கனெக்டிகட் 2024இல்தான் ஜனவரி 1இலிருந்து செப்டம்பர் 1க்கு மாறியது. அக்டோபரில் பிறந்த ஒரே பிள்ளை ஒரு ஊரில் இந்த வருடம் கிண்டர்கார்டன், இன்னொரு ஊரில் அடுத்த வருடம்.

அடுத்து மணி நேரம். என் தங்கை மகனின் கேள்வி இதுதான். நியூஜெர்சியில் நெடுங்காலம் கல்வி மாவட்டங்கள் கிண்டர்கார்டன் நடத்த வேண்டும் என்றே மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முழு நாளா, அரை நாளா என்பதும் அந்தந்த ஊரின் முடிவு. ஆனால் ஏழை நகரங்களின் பிள்ளைகளுக்காக நடந்த அபட் வழக்கில், அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் அந்த நகரங்களில் முழு நாள் கிண்டர்கார்டன் நடத்தியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜெர்சி சிட்டி அந்தப் பட்டியலில் உள்ள ஊர். அதனால்தான் வீட்டு விலை குறைந்த ஊரில் முழு நாளும், விலை அதிகமான பக்கத்து ஊரில் அரை நாளும் இருக்கும் விசித்திரம் அங்கே உண்டாயிற்று. வசதியான ஊர்க்காரர்கள் மீதி நாளுக்குத் தனியாரிடம் பணம் கட்டிக்கொண்டார்கள்.

கொலராடோவில் 2019 வரை பல ஊர்களில் அரை நாள் இலவசம், மீதி அரை நாளுக்குப் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். ஒரே வகுப்பில் பணம் கட்டியவர் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்காரும். கட்டாதவர் பிள்ளை மதியமே வீட்டுக்குப் போகும். அந்த வருடம் மாநிலம் முழு நாள் செலவையும் ஏற்றுக்கொண்டது. நியூ ஹாம்ப்ஷயரில் அரசு உதவித்தொகைக் கணக்கில் கிண்டர்கார்டன் பிள்ளை அரைப் பிள்ளையாகத்தான் எண்ணப்பட்டது. மீதிக்குப் பணம் திரட்ட 2017இல் அந்த மாநிலம் கீனோ என்ற எண் குலுக்கல் சூதாட்டத்தை அனுமதித்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் பிற்பகல் பாடத்துக்கு மதுக்கூடத்துச் சூதாட்டப் பணம்! சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

இதில் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2010இல் வெளிவந்து பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரங்களில் கிண்டர்கார்டனுக்கும் பட்டியல் இருக்கிறது. வருட முடிவில் பிள்ளை நூறு வரை எண்ண வேண்டும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் அடையாளம் காண வேண்டும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். சட்டம் "விருப்பம் இருந்தால் வா" என்கிறது. பாடத்திட்டமோ "வந்திருப்பாய்" என்று எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவது, சட்டப்படி எந்தத் தவறும் செய்யாத ஒரு பிள்ளை.

எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம் மட்டும் இல்லை. பால்வாடிக்குப் போய்விட்டு வந்த பிள்ளையும், நேராக வீட்டிலிருந்து வந்த பிள்ளையும் என் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வித்தியாசம் அறிவில் இருக்காது. வரிசையில் நிற்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, டீச்சரிடம் "புரியவில்லை" என்று சொல்லும் தைரியம், இவற்றில்தான் இருக்கும். ஒரு பிள்ளைக்கு அது இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். இன்னொரு பிள்ளை அந்த வருடம் முழுக்கத் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி நினைக்கத் தொடங்கிய பிள்ளையை மீட்பது எழுத்து கற்றுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை.

வீடு மாற்றும் முன் நான் சொன்ன நான்கு கேள்விகளையும் அந்தக் கல்வி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். பழைய ஊர் அனுபவத்தையோ, நண்பர்கள் சொன்னதையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். விதிகள் வருடத்துக்கு வருடமும் மாறுகின்றன.

"கட்டாயம் இல்லை" என்ற சொல்லை "தேவை இல்லை" என்று படிக்காதீர்கள். வீட்டிலேயே வைத்திருப்பதானால், அந்த வருடம் பிள்ளை என்ன கற்க வேண்டும் என்ற பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள்தான் கிடைக்கிறது என்றால் மீதி நேரத்தில் கதையும் விளையாட்டும் மற்றப் பிள்ளைகளோடு பழக்கமும் இருக்கட்டும். டிவியிடம் ஒப்படைக்க வேண்டாம்.

மூன்றாவது, டிசம்பரில் ஊருக்கு வருகிறீர்கள். எங்களுக்கு அது திருவிழா. தாத்தா பாட்டி ஐந்து வாரம் இருக்கச் சொல்வார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஆனால் கிண்டர்கார்டன்தானே என்று ஒன்றரை மாதம் லீவு போடும் முன், பள்ளியில் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். சேர்த்த பிறகு வருகை கட்டாயமாகும் ஊர்கள் இருப்பதை மேலே சொன்னேன். பெயரை நீக்கிவிட்டால் திரும்பச் சேர்க்க அலைய வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை திரும்பிப் போகும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும்.

உங்கள் ஊரில் விதி எப்படி என்று கீழே எழுதுங்கள். மாநிலத்தையும் வருடத்தையும் குறிப்பிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். கனடா, ஆஸ்திரேலியா பிள்ளைகளும் எழுதலாம். படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்